தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன்

மருத்துவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதை அம்மம்மாவிடம் சொல்லத்தான் தெரியவில்லை.

அம்மம்மாவுக்கு நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தபோது, மருந்தகத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவன் நான். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் பேரன் என்பதால் வீட்டில் எல்லாரும் என்னையே அனுப்பினார்கள். கணையம் போதிய அளவு இன்சுலினைச் சுரக்கவில்லை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த உறுப்பைப் புத்தகம் பார்க்காமல் என்னால் வரைய முடியும். அதற்குள் இருக்கும் உயிரணுக்களின் பெயர்களும் தெரியும். ஆனால் அதன் தமிழ்ப் பெயர் கணையம் என்பது அன்று எனக்குத் தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று சரியாக வேலை செய்யவில்லை, அதற்குத்தான் இந்த மாத்திரை என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அம்மம்மா அதை வயிற்று மாத்திரை என்று எடுத்துக்கொண்டார். வயிறு நன்றாக இருந்த நாள்களில் மாத்திரையைத் தொடவில்லை. சில மாதங்கள் கழித்துப் பரிசோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடியிருந்தது. தமிழ் பேசும் தாதி ஒருவர் அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்ட பிறகுதான் காரணம் வெளியே வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்மம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வீடு திரும்பும் வழியில் அவருடைய தந்தை பிறந்த ஊரைப் பற்றிப் பேசினார். அது யாழ்ப்பாணத்தில் உள்ள மானிப்பாய். அந்த ஊரில் முன்னொரு காலத்தில் ஓர் அமெரிக்க டாக்டர் தமிழிலேயே டாக்டர்களைப் படிப்பித்தார் என்று தந்தை சொல்வாராம். நான் நம்பவில்லை. அன்றிரவு தேடிப் பார்த்தேன். அம்மம்மா சொன்னது உண்மை. அந்த மருத்துவரின் பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

வூஸ்டரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் பூங்கா உருவாவதில் பெரும்பங்கு வகித்தவர். இன்றைய பெரிய நியூயார்க் நகரம் ஒன்றிணைவதற்கும் அவரே முக்கியக் காரணம். தம்பியும் நியூயார்க்கில்தான் மருத்துவம் படித்தார். 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்க முடியும். அவரோ 1847ஆம் ஆண்டு கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றார். அப்போது அவருக்கு வயது 25கூட நிரம்பவில்லை.

அவரை அனுப்பியது அமெரிக்க மிஷன். 1816ஆம் ஆண்டிலிருந்தே அந்த மிஷன் யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்திவந்தது. கிறீனுக்கு முன்பே ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் அங்கு பணியாற்றியிருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா அவர்தான்.

அந்த மிஷன் 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், இயற்கை அறிவியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857ஆம் ஆண்டு தேறிய இருவரில் ஒருவரான சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவர். பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர் என்று நம் தமிழ் வகுப்பில் கேள்விப்பட்ட அதே தாமோதரம்பிள்ளைதான்.

நானும் சிங்கப்பூரில் ஒரு கிறிஸ்தவ மிஷன் பள்ளியில்தான் முதன்முதலில் உயிரியல் படித்தேன். மருத்துவம், தாதிமை, மருந்தியல் என்று ஏதாவது ஒன்றுக்குப் போகவேண்டும் என்ற கனவு அங்கேதான் தொடங்கியது. அப்படிப்பட்ட ஒரு கல்விக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகளை வைத்து, 170 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் மருத்துவ வகுப்பு நடத்தினார் என்று படித்தபோது அது எனக்கு வெறும் வரலாறாகத் தெரியவில்லை.

மானிப்பாயில் ஒரு வகுப்பறை

கிறீன் 1848ஆம் ஆண்டு மானிப்பாயில் சிகிச்சையையும் கற்பித்தலையும் ஒன்றாகத் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் படித்த சில இளையர்கள் அவருடைய முதல் மாணவர்கள். தேறியவர்களை ஊர்களுக்கு அனுப்பினால்தான் ஒரு மருத்துவரின் கை பல ஊர்களை எட்டும் என்பது அவருடைய கணக்கு. வாந்திபேதியும் அம்மையும் ஆண்டுக்கணக்கில் மக்களை வாட்டிய காலம் அது. ஒருவர் மட்டும் ஓடி ஓடிப் பார்த்து முடிகிற வேலையல்ல.

முதலில் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஆனால் கிறீன் வந்த நாள் முதல் தமிழ் படித்தார். நோயாளி தன் வலியைத் தமிழில்தான் சொல்வார். ஊரில் வைத்தியம் பார்த்த பரிகாரிமாரிடமும் நோய்களுக்கும் மூலிகைகளுக்கும் தமிழ்ப் பெயர்கள் ஏராளமாக இருந்தன. எலும்பு, நரம்பு, இரத்த ஓட்டம், செரிமானம் ஆகியவற்றை அன்றைய மேல்நாட்டு அறிவியல் எப்படி விளக்கியது என்பதைச் சொல்லும் நூல்தான் தமிழில் இல்லை.

அந்தக் குறையை நீக்க, அமெரிக்கப் பள்ளிகளில் பயன்பட்ட கால்வின் கட்டரின் உடற்கூறு, உடலியல், சுகாதார நூலை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். அது அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரில் 1850களில் தமிழுக்கு வந்தது. இன்றைக்குத் தலைப்பைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது. ஆனால் அதற்குள் இருப்பது நாம் உயர்நிலை மூன்றில் படிக்கும் பாடம்தான்: எலும்புக்கூடு, தசை, இதயம், நுரையீரல், தோல், உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் வழி.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

உடல்நலம் குன்றியதால் கிறீன் 1857ஆம் ஆண்டு அமெரிக்கா திரும்பினார். 1862ஆம் ஆண்டு மார்கரெட் வில்லியம்ஸை மணந்துகொண்டு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இந்த முறை அவர் எடுத்த முடிவுதான் அவரை மற்ற மருத்துவ ஊழியர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. மருத்துவ வகுப்பையே முழுவதும் தமிழுக்கு மாற்றினார்.

அதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமல்ல. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கும் வெளியூர்ச் சம்பளத்துக்கும் போய்விட்டார்கள். வட்டுக்கோட்டைக் கல்விக்கூடமும் அதே சிக்கலைச் சந்தித்து 1855ஆம் ஆண்டு மூடப்பட்டிருந்தது. ஆங்கிலம் கிராமத்துப் பிள்ளையை வெளியே அழைத்துச்செல்லும் கதவாகிவிட்டது என்பதை கிறீன் பார்த்தார். தமிழில் படித்தவர் தம் ஊரிலேயே இருப்பார், அங்குள்ளவர்களுக்குப் புரியும்படி பேசுவார் என்று எண்ணினார். தம் மாணவர்கள் உடையிலும் பழக்கவழக்கங்களிலும் மேல்நாட்டினரைப்போல மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழில் கற்பிக்க முடிவெடுத்தால் மட்டும் போதுமா? பாடநூல் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக கிறீனும் அவருடைய மாணவர்களும் செய்த வேலையைப் பாருங்கள். அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம், 1867. உடற்கூற்றுக்கு மனுஷ அங்காதிபாதம், 1872. நோய்களையும் சிகிச்சையையும் கூறும் வைத்தியாகரம், அதே 1872. வேதியியலுக்கு கெமிஸ்தம், 1875. உடலியலுக்கு மனுஷ சுகரணம், 1883. பிரசவ மருத்துவம், மருந்துப் பொருள்கள் பற்றிய நூல்களும் உண்டு. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களைத் தாண்டும்.

இவற்றில் மனுஷ அங்காதிபாதம் என்னைத் திகைக்க வைத்தது. மருத்துவ மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது அது. லண்டனில் மூலநூலின் முதல் பதிப்பு வெளியானது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது யாழ்ப்பாணத்தில் தமிழில் அச்சேறிவிட்டது.

இந்த வேலையை கிறீன் தனியாகச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், பால் என்று நூல்களோடு சேர்ந்துவரும் பெயர்களைப் பார்த்து, அவர்களும் அமெரிக்கர்கள் என்று முதலில் நினைத்தேன். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மேல்நாட்டுப் பெயர் சூட்டும் வழக்கம் அப்போது இருந்தது. மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் வரிவரியாகத் திருத்துவார். தமிழ் மருத்துவ நூல்களின் வரலாற்றில் அவர்களுக்கும் சம பங்குண்டு.

ஒரு சொல்லைத் தேடும் முறை

புதிய கருத்துக்குத் தமிழில் சொல் எங்கிருந்து வரும்? கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார். தமிழில் ஏற்கெனவே சொல் இருந்தால் அதை எடுத்துக்கொள்வது. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் பொருத்தமானது கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. கெமிஸ்ட்ரி என்பது கெமிஸ்தம் ஆனது அப்படித்தான். சொற்களைத் திரட்டிச் சொற்பட்டியல்களையும் அச்சிட்டார்.

வேதியியல், உடலியல், உடற்கூறு என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு அவருடைய சொற்களில் பல அந்நியமாகத் தோன்றும். சமஸ்கிருதச் சாயலும் அதிகம். அவற்றில் பல நிலைக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று படிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. கலைச்சொல் உருவாக்க இன்று உட்காரும் யாரும் ஏதோ ஒரு வகையில் அதே கேள்விகளைத்தான் கேட்டாக வேண்டும்.

அவருடைய மறுபக்கம்

கிறீனைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் முதலில் ஒரு சமய ஊழியர். மருத்துவம் கிறிஸ்தவத்துக்கு வழி திறக்கும் என்ற நம்பிக்கையோடுதான் யாழ்ப்பாணம் வந்தார். இதை எதிர்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் பிறந்தவர் நாவலர். கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில், மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாக வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

நோக்கத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். ஆனால் ஊர்மக்களைச் சென்றடையத் தமிழ் உரைநடைதான் வழி என்பதில் இருவரும் ஒன்றுபட்டிருந்தார்கள். ஒருவர் சமயத்தையும் இலக்கணத்தையும் எளிய உரைநடையில் தந்தார். மற்றவர் எலும்பையும் நரம்பையும் தந்தார்.

கப்பலில் போய்வந்த கையெழுத்துப் படிகள்

1873ஆம் ஆண்டு கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். வூஸ்டரில் குடும்பத்தோடு தங்கிய பிறகும் தமிழை விடவில்லை. மொழிபெயர்ப்புப் படிகள் கடல் தாண்டி வந்தன. அவர் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணம் வெளிவந்தது அவர் ஊர் திரும்பிப் பத்து ஆண்டுகள் கழித்து. மின்னஞ்சல் வர அரைமணி நேரம் தாமதமானால் பொறுமையிழக்கும் எனக்கு, ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் இடையே மாதங்கள் கடந்த அந்த வேலையை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி அவர் காலமானார். வயது 61. தம் கல்லறையில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு இருக்கவேண்டும் என்று விரும்பினார். வூஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் அப்படியே பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

பிறகு ஏன் நின்றுபோனது?

கொழும்பில் 1870ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பாடமொழி ஆங்கிலம். அரசாங்க அங்கீகாரமும் வேலையும் அந்த வழியில்தான் கிடைத்தன. கிறீனுக்குப் பின் தமிழ் வகுப்பு மெல்ல மெல்ல மறைந்தது.

இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். கிறீன் இறந்த அதே 1884ஆம் ஆண்டில்தான் வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் உறுதிப்படுத்தி அறிவித்தார். மருத்துவ அறிவு வேகமாக மாறத் தொடங்கியது. ஆங்கிலத்தில் கிரேயின் நூல் மாற்றங்களை ஏற்றுக்கொண்டே வந்து 2020ஆம் ஆண்டில் 42ஆம் பதிப்பைக் கண்டது. தமிழ் நூல்களைத் தொடர்ந்து புதுப்பிக்க கிறீனைப்போல ஒருவரும் அவர் மாணவர்களைப்போல ஒரு குழுவும் இல்லை. அறிவியல் நூல் செடியைப்போல. நட்டால் மட்டும் போதாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு

யாழ்ப்பாணத்தின் மிஷன் பள்ளிகள் உருவாக்கிய படித்த தலைமுறையில் பலர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றினார்கள். லிட்டில் இந்தியாவில் ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயத்தின் தொடக்க வரலாற்றிலும் யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு இடமுண்டு. அம்மம்மாவின் தந்தை வந்ததும் அந்த வழியில்தான். கிறீன் கவலைப்பட்ட அதே ஆங்கிலக் கதவு வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

அதனால் ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில்தான். பல இனத்தவர் சேர்ந்து பணியாற்றும் இடத்தில் அது தேவை. நானும் அப்படித்தான் படிக்கப்போகிறேன்.

ஆனால் நோயாளி எந்த மொழியில் வலியை உணர்கிறார்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடந்து பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையிலும் சிராங்கூன் சாலையிலும் தமிழகத்திலிருந்து வந்த ஊழியர்கள் எத்தனை பேர்! அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான், ஹேம்ப்ஷியர் சாலையில், பழைய காண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தாய்மார்கள் பிள்ளை பெற்ற இடம் அது. அந்தத் தாய்மார்களில் பலர் இப்போது நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று மருந்தகங்களில் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் மூத்தோர். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம்மைப் போன்ற பேரப்பிள்ளைகள்.

உயிரியலில் நல்ல தேர்ச்சி, தமிழிலும் நல்ல தேர்ச்சி என்று இரண்டையும் வாங்கிவிட்டு, இரண்டையும் இணைக்கத் தெரியாமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு சொல் தெரியாததால் அம்மம்மாவின் மாத்திரை பல நாள் டப்பாவிலேயே கிடந்தது.

இப்போது என் உயிரியல் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தமிழுக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறேன். கணையம், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், தமனி, சிரை என்று எழுதுகிறேன். எழுதியதும் அம்மம்மாவிடம் கேட்டுப் பார்ப்பேன். அவருக்குப் புரியாத சொல்லென்றால் புரியும் சொல் எது என்று அவரே சொல்லித்தருவார். சில நேரம் அவர் சொல்வது பாடநூல் சொல்லைவிட நன்றாக இருக்கும்.

சென்ற மாதம் மீண்டும் பரிசோதனைக்குப் போனோம். உள்ளே போகும் முன் கணையம் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அவரிடம் கேட்டேன். இரைப்பைக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டி, சாப்பாட்டில் உள்ள சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுகிறது என்று சரியாகச் சொன்னார். மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். சர்க்கரை அளவும் இறங்கியிருக்கிறது.